14 ஏக்கர், 12 ஆண்டுகள்: லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

நகரத்துக்குள் பயிர் செய்வது பற்றிய கூட்டங்களில் மண் கலவை, சொட்டுநீர், பூச்சி விரட்டி, மாடித் தளத்தின் தாங்குதிறன் எல்லாம் விரிவாகப் பேசப்படும். நிலம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டுக்கு, எந்தத் தாளின் பேரில் என்ற கேள்வி கடைசியில் வரும். பல நேரம் வராமலே கூட்டம் கலைந்துவிடும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், 41ஆவது தெருவும் அலமீடா தெருவும் சந்திக்கும் இடத்தில் 1994 முதல் 2006 வரை இருந்த தோட்டத்தின் கதையைப் படித்தால், அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கத் தோன்றும். விளைச்சலில் யாரும் குறை சொல்லாத அந்தத் தோட்டம், பத்திர அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் தோற்றது.

இது பரவலாகப் பதிவான பொது நிகழ்வு. தோட்டக்காரர்கள், நில உரிமையாளர், நகர மன்றத்தினர் ஆகியோரின் பெயர்கள் பாடத்துக்குத் தேவையில்லை என்பதால் இங்கே தரப்படவில்லை.

பின்னணி: எரி உலைக்காக எடுக்கப்பட்ட நிலம்

தெற்கு மத்திய லாஸ் ஏஞ்சலஸ் என்று அழைக்கப்பட்ட பகுதி, கிடங்குகளும் ரயில் பாதையும் லாரிப் போக்குவரத்தும் சூழ்ந்தது. முதலில் பெருமளவில் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வாழ்ந்த பகுதி. 1980களிலிருந்து மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அங்கே அதிகமானார்கள். இரு தரப்பிலும் வருமானம் குறைவு.

1986இல் நகராட்சி அங்கே சுமார் 14 ஏக்கர் நிலத்தைக் கட்டாயக் கையகப்படுத்தல் மூலம் எடுத்தது. உரிமையாளர்களுக்கு ஏறத்தாழ 48 லட்சம் டாலர் இழப்பீடு தரப்பட்டது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை கட்டுவதே நோக்கம். இடத்தேர்வு தற்செயலானது என்று நம்புவது கடினம். கலிஃபோர்னியா மாநிலக் கழிவு மேலாண்மை வாரியத்துக்காக 1984இல் ஆலோசனை நிறுவனம் ஒன்று தயாரித்த அறிக்கை, வருமானமும் கல்வியும் குறைந்த பகுதிகளில் இத்தகைய ஆலைகளுக்கு எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்று எழுதியே வைத்திருந்தது. ஆனால் எதிர்ப்பு குறைவாக இல்லை. அப்பகுதியின் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்கள் முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவாக 1987இல் உலைத் திட்டம் கைவிடப்பட்டது.

உலை போனது, நிலம் நகராட்சியிடம் காலியாகக் கிடந்தது. கையகப்படுத்தலை முடித்துவைத்த ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. குறிப்பிட்ட பத்தாண்டுக்குள் அந்த நிலம் பொதுப் பயனுக்கு வேண்டாம் என்று நகராட்சி முடிவு செய்து விற்றால், பெரும்பகுதியை வைத்திருந்த முந்தைய உரிமையாளருக்கே திரும்ப வாங்கும் முதல் வாய்ப்பு. பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை இந்த ஒரு நிபந்தனைதான். தோட்டத்தில் முதல் பாத்தி போட்ட யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1994: அனுமதி கிடைத்த விதம்

1992 ஏப்ரல் 29 அன்று, கறுப்பின வாகன ஓட்டி ஒருவரைத் தாக்கிய வழக்கில் காவலர்கள் விடுவிக்கப்பட்டதும் நகரம் பற்றியெரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 100 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் அழிந்தன. எரிந்தவற்றில் மளிகைக் கடைகளும் உண்டு. பெரிய அங்காடி நிறுவனங்கள் புதிய கடைகள் திறப்பதாக அளித்த வாக்குறுதிகளில் பெரும்பாலானவை நிறைவேறவில்லை.

இந்தச் சூழலில்தான் தோட்டம் வந்தது. 1994இல் நிலம் நகராட்சியின் துறைமுகத் துறைக்கு 1 கோடியே 33 லட்சம் டாலருக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டு துறைமுகத் துறை, எதிரே இயங்கிவந்த பிராந்திய உணவு வங்கிக்கு (நன்கொடை உணவைச் சேகரித்து ஏழைகளுக்கு வழங்கும் அமைப்பு) அந்த இடத்தைச் சமூகத் தோட்டமாகப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. அனுமதி என்றால் குத்தகை அல்ல, எந்த நேரமும் ரத்து செய்யத்தக்க உரிமம். உணவு வங்கி அதைப் பாத்திகளாகப் பிரித்துக் குடும்பங்களுக்கு வழங்கியது.

அன்றைய நிலையில் இது நல்ல முடிவு. காலி நிலம் குப்பை மேடாவதைத் தடுத்தது. பசித்த பகுதிக்குக் காய்கறி தந்தது. அரசுக்குச் செலவு மிகக் குறைவு. தற்காலிக அனுமதி என்பதால் விரைவாகவும் கிடைத்தது. நீண்ட காலக் குத்தகை கேட்டிருந்தால் ஒருவேளை எதுவுமே கிடைத்திருக்காது. இதை மறந்துவிட்டு, பின்னாளின் அறிவோடு அன்றைய உணவு வங்கியைக் குறை சொல்வது நியாயமாகாது.

தோட்டத்தில் கண்டவை

சில ஆண்டுகளில் சுமார் 350 குடும்பங்கள் அங்கே பயிரிட்டன. அமெரிக்க நகரங்களில் சமூகத் தோட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு மனை அளவு இடத்தில் மரச்சட்டப் பெட்டிகளும் நாலைந்து தக்காளிச் செடிகளும் இருக்கும். இது 14 ஏக்கர். நாட்டின் மிகப் பெரிய நகரத் தோட்டங்களில் ஒன்று. கம்பி வேலியும் கொட்டகையுமாக ஒவ்வொரு குடும்பத்தின் பாத்தியும் தனியாக இருந்தது. நடுவே மரங்கள் உயர்ந்து நின்றன.

பயிரிட்டவர்களில் பலர் மெக்சிகோவின் பழங்குடி வேர்களைக் கொண்டவர்கள். ஊரில் நிலத்தில் வேலை செய்தவர்கள், நகரத்தில் தையற்கூடத்திலோ உணவகத்திலோ கட்டட வேலையிலோ இருந்தார்கள். அங்கே விளைந்தவற்றின் பட்டியல் நம்மவர்களுக்கும் பாதி பழக்கமானது: மக்காச்சோளம், பூசணி, அவரை இனங்கள், மிளகாய், கரும்பு, வாழை, கொய்யா, வெண்ணெய்ப்பழம். நாம் சௌசௌ என்று சமைக்கும் கொடி மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது. அது அங்கே பந்தல் பந்தலாகப் படர்ந்தது. சப்பாத்திக்கள்ளியின் இளம் மட்டையை முள் சீவிக் கறியாக்குவார்கள். பருப்புக்கீரையும் தண்டுக்கீரை இனங்களும் களையாகப் பிடுங்கப்படாமல் அறுவடையாயின. இவற்றோடு பாபலோ, எபசோட்டே போன்ற வாசனை மூலிகைகள். நூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் அங்கே இருந்ததாகத் தாவர வழக்காற்று ஆய்வாளர்கள் (மக்கள் தாவரங்களைப் பயன்படுத்தும் விதத்தை ஆராய்வோர்) பதிவு செய்தார்கள்.

இவற்றில் பலவற்றை அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. நகர வேளாண்மை நகரத்தின் வயிற்றை நிரப்பும் என்ற பெரிய பேச்சை நான் நம்புவதில்லை. 14 ஏக்கரில் விளைவது, பல லட்சம் பேர் வாழும் நகரத்தின் மொத்த உணவில் கணக்கில் வராத துளி. அரிசி, கோதுமை, பருப்பு, எண்ணெய் ஆகியவை எந்த நகரத்துக்கும் வெளியிலிருந்துதான் வரும். ஆனால் ஒரு குறைந்த வருமானக் குடும்பத்தின் கீரை, காய், மூலிகைச் செலவைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. சந்தையில் விலை அதிகம், எடை குறைவு, சீக்கிரம் வாடும் என்ற மூன்றும் சேர்ந்த பொருள்களில்தான் நகரப் பாத்தி உண்மையிலேயே பயன் தருகிறது.

இதர பயன்களை அளவிடுவது கடினம். கும்பல் வன்முறை மிகுந்த பகுதியில் பிள்ளைகள் பாதுகாப்பாக விளையாட இடம் இருந்தது. தாத்தா பாட்டிகள் விதை எடுக்கும் முறையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். கான்கிரீட் பரப்புக்கு நடுவே மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் 14 ஏக்கர் இருப்பதே நகரத்துக்கு வரவு. லாஸ் ஏஞ்சலஸில் மழை குறைவு, அதுவும் குளிர்காலத்தில்தான் பெய்யும் என்பதால் பயிருக்கு ஆண்டின் பெரும்பகுதி குழாய்த் தண்ணீரே கதி. இது செலவு, இதை மறைத்துவிட்டு நிலைத்த வளர்ச்சி என்று பேசக் கூடாது. லாரிகள் ஓடும் சாலையோர மண்ணில், ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தின் எச்சம் தங்கியிருக்கும் என்பதும் எந்தப் பழைய நகரத்திலும் பயிரிடும் முன் சோதிக்க வேண்டிய விஷயம்.

தோட்டத்துக்குள் எல்லாம் இனிமையாகவும் இல்லை. பாத்தி யாருக்கு, கட்டணம் எவ்வளவு, யாரை நீக்கலாம் என்பதில் சண்டைகள் வந்தன. வெளியேயும் ஒரு விரிசல் இருந்தது. எரி உலையை எதிர்த்து வென்ற ஆப்பிரிக்க அமெரிக்க அமைப்பினர் அந்த இடத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்றார்கள். நிலத்தை நச்சுப் புகையிலிருந்து காத்தவர்கள் அவர்கள். அதில் உழைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள். இரண்டு நியாயங்கள் ஒரே வேலிக்குள் மோதின.

2003: மூடிய அறையில் ஒரு சமரசம்

முந்தைய உரிமையாளர் நிலத்தைத் திரும்பப் பெறும் முயற்சியைக் கைவிடவில்லை. 1990களின் நடுவில் நடந்த பேச்சுவார்த்தை நகர மன்றத்தின் ஒப்புதல் பெறாமல் நின்றது. பின் அவர் ஒப்பந்த மீறல் என்று நகராட்சி மீது வழக்குத் தொடுத்தார்.

2003இல் நகர மன்றம் மூடிய அறைக் கூட்டத்தில் வழக்கைச் சமரசமாக முடித்தது. நிலம் 50 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு அவருக்கே விற்கப்படும். பதிலுக்கு அவர் 2.6 ஏக்கரைத் திடலுக்காகக் கொடுப்பார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் துறைமுகத் துறையின் கணக்கில் 1 கோடியே 33 லட்சமாக எழுதப்பட்ட நிலம் அது. நகராட்சித் தரப்பின் வாதம் எளிது: வழக்கில் தோற்றால் இழப்பு பெரிதாகலாம், சமரசமே பாதுகாப்பு. வழக்கு விவகாரங்களை மன்றம் மூடிய அறையில் பேசுவதற்குக் கலிஃபோர்னியச் சட்டம் இடமளிக்கிறது.

சட்டம் இடமளிப்பதால் நல்ல முடிவு ஆகிவிடாது. அந்த நிலத்தை ஒன்பது ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பேச்சுவார்த்தையில் எந்த நாற்காலியிலும் இல்லை. காரணம் வெறுப்பு என்று சொல்ல முடியாது. காகிதத்தில் அவர்கள் இல்லவே இல்லை. துறைமுகத் துறைக்கும் உணவு வங்கிக்கும் இடையில்தான் உரிமம். குடும்பங்கள் உணவு வங்கியின் தயவில் இருந்தன. நிலம் கைமாறியதும் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அறுந்தது. மற்றவை தாமாக விழுந்தன. 2003 டிசம்பரில் பத்திரம் மாறியது. 2004 ஜனவரியில், பிப்ரவரி இறுதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

தோட்டக்காரர்கள் எடுத்த முடிவுகள்

அறிவிப்பு வந்தபின்தான் தோட்டக்காரர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைக் கட்டினார்கள். அதுவரை அதற்குத் தேவை எழவில்லை. வழக்கறிஞர்கள் கட்டணமின்றி முன்வந்தனர். விற்பனை முறையாக நடக்கவில்லை, தங்களுக்குத் தகவல் தரப்படவில்லை, பொதுச் சொத்து வீணடிக்கப்பட்டது என்ற வாதங்களோடு நீதிமன்றம் சென்றார்கள். 2004இல் இடைக்காலத் தடை கிடைத்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. மாநில உச்ச நீதிமன்றம் வழக்கைக் கேட்க மறுத்தது.

பன்னிரண்டு ஆண்டு உழைத்த நிலத்தில் அனுபவ பாத்தியதை, அதாவது நீண்ட காலம் அனுபவித்தவருக்கு நிலத்தில் வளரும் உரிமை, கிடையாதா என்று நம் வாசகர் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் பொது நிலத்துக்கு எதிராக அப்படி உரிமை வளராது. எத்தனை ஆண்டு பயிரிட்டாலும் கணக்கு பூஜ்யத்தில்தான் நிற்கும்.

தடையும் வழக்கும் தந்த இரண்டு ஆண்டு அவகாசத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது விவாதத்துக்குரியது. தோட்டத்தரப்பு ஊர்வலம், ஊடகம், பிரபலங்கள் என்று சென்றது. திரைக் கலைஞர்களும் பாடகர்களும் வந்து தங்கினார்கள். சிலர் மரமேறி உட்கார்ந்தார்கள். ஆதரவு பெருகியது. அதே வேகத்தில் உரிமையாளருடனான உறவு கெட்டது. தம்மைப் பற்றி யூத வெறுப்புப் பேச்சு பரப்பப்பட்டதாக அவர் பிற்பாடு குற்றம் சாட்டினார். நிலத்தை விலைக்கு வாங்கும் வழியும் திறந்திருந்தது. ஆனால் அந்த வழியில் தீவிரமாக இறங்கியது கடைசிக் கட்டத்தில்தான். என் கணிப்பில் இதுவே தோட்டத்தரப்பின் பெரிய தவறு: நீதிமன்றத் தடையை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்கள், அது நேரம் மட்டுமே.

2006: விலை, கெடு, வெளியேற்றம்

உரிமையாளர் கேட்ட விலை 1 கோடியே 63 லட்சம் டாலர். நிலப் பாதுகாப்புக்காக இயங்கும் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் நிதி திரட்ட முயன்றது. மே மாதக் கெடுவுக்குள் தொகை சேரவில்லை. ஜூன் மாதம் அன்னென்பெர்க் அறக்கட்டளை 1 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. மற்ற வாக்குறுதிகளையும் சேர்த்தால் கேட்ட விலையை ஏறத்தாழ எட்டியது. உரிமையாளர் ஏற்க மறுத்தார். கெடு முடிந்துவிட்டது என்பது ஒரு காரணம், இந்தக் குழுவினருக்கு விற்க மனமில்லை என்பது இன்னொன்று.

ஜூன் 13 அதிகாலையில் ஷெரிஃப் துறையினர் (மாவட்ட அளவிலான காவலர்கள்) வந்து சுற்றி வளைத்தனர். மரத்தில் இருந்தவர்களை இறக்கத் தீயணைப்பு வண்டியின் ஏணி தேவைப்பட்டது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். ஜூலையில் புல்டோசர் வந்து எஞ்சிய பயிரையும் மரங்களையும் தள்ளியது. அதே மாதம், 2003 விற்பனை செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பின் நடந்தவை

அவசரமாகக் காலி செய்யப்பட்ட நிலம் பல ஆண்டுகள் வெறும் மண்ணாகவே கிடந்தது. கிடங்குத் திட்டங்கள் வந்தன, தாமதமாயின. திடலுக்கென வாக்களிக்கப்பட்ட 2.6 ஏக்கருக்குப் பதிலாகப் பணம் பெற்றுக்கொள்ள 2011இல் நகர மன்றம் ஒப்புக்கொண்டது. அதாவது தோட்டமும் போனது, தோட்டத்தை எதிர்த்தவர்கள் கேட்ட திடலும் அங்கே வரவில்லை. இரு ஏழைத் தரப்பினர் மோதிய விவகாரத்தில் இரு தரப்பும் வெறுங்கையோடு நின்றது பற்றி இன்னும் அதிகம் எழுதப்பட வேண்டும்.

குடும்பங்கள் பிரிந்தன. ஒரு பகுதியினர் நகரத்துக்கு வடக்கே, பேக்கர்ஸ்ஃபீல்டு வட்டாரத்தில் நிலம் பெற்றுக் கூட்டுறவாக இயற்கை வேளாண்மை செய்து லாஸ் ஏஞ்சலஸ் உழவர் சந்தைகளில் விற்றார்கள். முயற்சி மெச்சத்தக்கது, ஆனால் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பதை நகர வேளாண்மை என்று அழைக்க முடியாது. வேலை முடிந்து மாலையில் வந்து கீரை கிள்ளிய பாட்டிக்கு அங்கே இடமில்லை.

மற்றொரு பகுதியினர் நகரத்துக்குள்ளேயே, மின்சாரத் துறையின் உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே அமைந்த நீண்ட நிலத்துக்குப் போனார்கள். அங்கே உயரமான மரம் வளர்க்க இயலாது, நிழல் இல்லை. ஆனால் கம்பிக்குக் கீழே யாரும் கிடங்கும் கட்ட முடியாது. பேர்பெற்ற 14 ஏக்கரை விட இந்த அழகில்லாத இடம் அதிகப் பாதுகாப்பானது என்பதை நகரத் திட்டமிடுவோர் கவனிக்க வேண்டும்.

எதை வேறுவிதமாகச் செய்திருக்கலாம்

முதல் மாற்றம் 1994லேயே வேண்டியது. தற்காலிக உரிமத்தை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. அதில் பயிரிடுவோரின் சங்கத்தையும் ஒரு தரப்பாகச் சேர்த்திருக்க வேண்டும். நிலத்தை விற்கவோ மாற்றவோ பேச்சு எழுந்தால் அவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு என்ற ஒரு வரியை எழுதியிருக்க வேண்டும். அந்த வரி 2003இல் விற்பனையைத் தடுத்திருக்காது. மூடிய அறைக்கு வெளியே பேச்சைக் கொண்டுவந்திருக்கும்.

இரண்டாவது, நிலத்தின் பழைய ஆவணங்களைப் படிப்பது. மறுகொள்முதல் நிபந்தனை ரகசியம் அல்ல. அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே மாற்று நிலம் தேடத் தொடங்கியிருந்தால் பேரம் பேச நேரம் இருந்திருக்கும். விலைக்கு வாங்கும் வழி வெறுங்கனவும் அல்ல. 1999இல் நியூயார்க் நகராட்சி நூறுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலம் விட முனைந்தபோது, இதே டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்டும் இன்னொரு அமைப்பும் சேர்ந்து ஏலத்துக்கு முன்பே அவற்றை வாங்கிவிட்டன. அங்கே வாங்குபவர் யார் என்பதில் தனிப்பட்ட பகை இல்லை, நகராட்சிதான் விற்பவர். அலமீடாவில் நிலம் தனியார் கைக்குப் போனபிறகு அந்தக் கதவு குறுகிவிட்டது. நகராட்சியின் கையில் இருக்கும்போதே வாங்குவது மலிவு, எளிது.

மூன்றாவது, சட்டம். 2013இல் கலிஃபோர்னியா நகர வேளாண்மை ஊக்குவிப்பு மண்டலங்களுக்கான சட்டத்தை இயற்றியது. தனியார் மனையைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயிருக்கு ஒப்படைத்தால் சொத்து வரி குறையும். 0.1 ஏக்கர் முதல் 3 ஏக்கர் வரையுள்ள மனைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். ஆகவே 41ஆவது தெருத் தோட்டம் இன்று இருந்திருந்தாலும் இந்தச் சட்டம் அதைக் காத்திருக்காது. பெரிய, தொடர்ச்சியான நிலத்துக்கான வழி இன்னும் நீண்ட குத்தகைதான். பொது நிலத்தில் தோட்டம் கேட்போர், ஒரு வெண்ணெய்ப்பழ மரம் காய்க்கப் பிடிக்கும் ஆண்டுகளையாவது குத்தகைக் காலமாகக் கேட்க வேண்டும். அது மறுக்கப்பட்டால் மரம் நடாமல் கீரையோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.